இரு மரபணுக்களுக்கு இடைப்பட்ட நிலம்: ஈஸ்ட் உயிரணுவில் படியெடுத்தல் ஆளப்படும் முறை

1. கேள்வி

ரொட்டி மாவை உப்பச் செய்வதும், கள்ளை நுரைக்கச் செய்வதும், பார்லிச் சாற்றைப் பீராக்குவதுமாகிய ஈஸ்ட், ஒற்றை உயிரணுவால் ஆன பூஞ்சை. சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்பது அதன் அறிவியற்பெயர். உருவில் சிறியதாயினும் டி.என்.ஏ.-வை உட்கருவுக்குள் பொதிந்து வைத்திருப்பதால் அது பாக்டீரியாக்களின் கூட்டத்தைச் சேராமல், செடிகளும் விலங்குகளும் மனிதரும் அடங்கிய கூட்டத்தைச் சேர்ந்தது. அக்கூட்டத்தில் முதன்முதலாக முழு மரபணுத்தொகையும் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்ட உயிரும் அதுவே. பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் பங்கிட்டுச் செய்த அப்பணி 1996-ல் நிறைவுற்றபோது, 16 குரோமோசோம்களில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் கார இணைகளும் (டி.என்.ஏ.-வின் எழுத்துகள் இவையே) அவற்றில் ஏறத்தாழ 6000 மரபணுக்களும் இருப்பது தெரியவந்தது.

இந்த 6000 மரபணுக்களும் எல்லா நேரத்திலும் உயிரணுவுக்குள் இருக்கின்றன. ஆனால் எல்லா நேரத்திலும் தேவைப்படுவதில்லை. திராட்சைத் தோலின்மீது குளுக்கோஸில் திளைக்கும் ஈஸ்டுக்கு வேறொரு சர்க்கரையைச் சிதைக்கும் நொதிகள் வீண் செலவு. பாஸ்பேட் போதுமான அளவில் உள்ள இடத்தில் பாஸ்பேட்டைத் தேடிச் சேர்க்கும் புரதங்கள் வெறும் சுமை. எனவே எந்த மரபணுவை, எப்போது, எவ்வளவு பயன்படுத்துவது என்பதை உயிரணு ஓயாமல் முடிவுசெய்துகொண்டே இருக்கிறது. மூளையோ நரம்போ இல்லாத ஓர் உயிரில் அம்முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதே இவ்வுரையின் கேள்வி.

விடையின் முதற்பகுதி, படியெடுத்தல் என்னும் நிகழ்வில் உள்ளது. மூல ஏட்டைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் படியை மட்டும் வெளியே அனுப்புவதுபோல, உயிரணு தன் டி.என்.ஏ.-வை உட்கருவுக்குள் காத்துக்கொண்டு, வேண்டிய மரபணுவை மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் வேதிப்பொருளில் பெயர்த்தெழுதி வெளியே அனுப்புகிறது. அப்படியைப் படித்துப் புரதம் ஆக்கப்படுகிறது. புரதங்களுக்கான மரபணுக்களைப் பெயர்த்தெழுதும் பொறி ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்னும் நொதியாகும். ஈஸ்டில் அது 12 புரதத் துண்டுகள் சேர்ந்தமைந்தது. அந்நொதிக்கு எழுதத் தெரியும், ஆனால் எந்த இடத்தில் எழுதத் தொடங்க வேண்டும் என்பது தெரியாது. அதை அறிவிக்கும் வரிசை ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால், புரதமாக மாறாத டி.என்.ஏ. துண்டொன்றில் எழுதப்பட்டுள்ளது. அத்துண்டுக்கு ஊக்குவிப்பான் அல்லது புரோமோட்டர் என்று பெயர். பாரிசில் பாக்டீரியாவின் மரபணுக்களை ஆராய்ந்துவந்த ஜாக்கோபும் உல்மனும் மோனோவும் 1964-ல் அச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தனர்.

பெயர் ஊக்குவிப்பான் என்றிருப்பதால், மின்விளக்கின் விசையைப் போல அழுத்தினால் எரிவதும் விட்டால் அணைவதுமான ஒன்று அது என்று எண்ணத் தோன்றும். ஈஸ்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த ஆய்வுகள் காட்டும் சித்திரம் அதனின்று வேறுபட்டது. உயிரணுவின் பல நிலைமைகள் ஒரே இடத்தில் புரதங்களின் உருவில் வந்து கூடி, ஒன்றையொன்று தாங்கியும் தடுத்தும், இறுதியில் ஓர் அளவாக முடியும் களமாகவே ஊக்குவிப்பான் தோன்றுகிறது. அக்களத்தில் எழுத்துகளுக்கு உள்ள அதே மதிப்பு, எழுத்துகளுக்கு இடையிலான தூரத்துக்கும் அவை திறந்து கிடக்கின்றனவா மூடிக் கிடக்கின்றனவா என்பதற்கும் உண்டு. இதனை விளக்க, உலகில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட ஊக்குவிப்பான்களுள் ஒன்றைக் கிட்ட வைத்துப் பார்ப்பது தகும்.

2. கேலக்டோஸ் என்னும் சோதனைக்களம்

கேலக்டோஸ் என்பது குளுக்கோஸின் நெருங்கிய உறவான சர்க்கரை. பாலின் சர்க்கரையாகிய லாக்டோஸ், ஒரு குளுக்கோஸும் ஒரு கேலக்டோஸும் இணைந்ததே. குளுக்கோஸில் வளர்ந்த ஈஸ்டைக் கேலக்டோஸுக்கு மாற்றினால் அது உடனே நொதிக்கத் தொடங்குவதில்லை என்பதையும், சிறிது காலம் பழகிய பின்னரே நொதிக்கிறது என்பதையும் பிரெஞ்சு ஆய்வாளர் டியனேர் 1900-ல் வெளியிட்டார். மரபணு என்னும் சொல்லே பிறக்காத அக்காலத்தில் அது ஈஸ்டின் பழக்கம் என்று மட்டுமே சொல்லப்பட்டது. 1960-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டக்ளசும் ஹாதார்னும், கேலக்டோஸில் வளர இயலாத ஈஸ்டுகளையும் அடக்கமின்றி எப்போதும் நொதிகளை ஆக்கும் ஈஸ்டுகளையும் ஒன்றோடொன்று கலந்து, இந்தப் பழக்கத்தின் பின்னால் உள்ள மரபணுக்களைப் பிரித்தறிந்தனர்.

கேலக்டோஸைக் குளுக்கோஸின் பாதைக்குத் திருப்பிவிடும் மூன்று நொதிகளுக்கு உரிய மரபணுக்கள் கேல்-1, கேல்-7, கேல்-10 எனப் பெயர் பெற்று, இரண்டாம் குரோமோசோமில் அருகருகே அமைந்துள்ளன. அவற்றை ஆளும் கேல்-4, கேல்-80, கேல்-3 ஆகியன நொதிகளை ஆக்குவதில்லை. இவற்றின் புரதங்கள் மேற்சொன்ன மரபணுக்களின் படியெடுத்தலை ஏற்றவும் இறக்கவும் மட்டுமே உள்ளவை. குளுக்கோஸ் இல்லாமல் கேலக்டோஸ் மட்டும் கிடைக்கும்போது கேல்-1 மரபணுவின் படிகள், முன்பிருந்த அளவைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருகுகின்றன. இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வு ஆய்வுக்கூடத்தில் எளிதாக அளக்கக்கூடியது என்பதாலேயே, மரபணு ஆளுகையை அறிய விரும்பியோர் பலரும் இந்தச் சர்க்கரையைத் தேடி வந்தனர்.

கேல்-1 மரபணுவும் கேல்-10 மரபணுவும் முதுகொடு முதுகு ஒட்டி நிற்கும் இரு வீடுகளைப் போன்றவை. ஒன்று வலப்புறமாகவும் மற்றது இடப்புறமாகவும் படியெடுக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே 700-க்கும் சற்றுக் குறைவான கார இணைகள் கொண்ட இடைநிலம் உள்ளது. புரதம் எதையும் சொல்லாத அந்த இடைநிலமே இரு மரபணுக்களுக்கும் பொதுவான ஊக்குவிப்பான்.

3. பதினேழு எழுத்துகள்

இடைநிலத்தின் ஒரு பகுதியில், ஏறத்தாழ நூறு எழுத்துகளுக்குள், ஒரே வடிவம் நான்கு முறை வருகிறது. சி-ஜி-ஜி என்னும் மூன்று எழுத்துகள், பின்னர் எந்த எழுத்தாகவும் இருக்கக்கூடிய 11 எழுத்துகள், அதன்பின் சி-சி-ஜி என்னும் மூன்று எழுத்துகள் என மொத்தம் 17 எழுத்துகள் கொண்டது அவ்வடிவம். டி.என்.ஏ. இரட்டை இழைகளால் ஆனது. ஓர் இழையில் சி உள்ள இடத்தில் எதிரிழையில் ஜி இருக்கும். எதிரிழை எதிர்த்திசையில் படிக்கப்படும். ஆகவே வலக்கோடியில் உள்ள சி-சி-ஜி என்பதை எதிரிழையில் படித்தால் மீண்டும் சி-ஜி-ஜி என்றே வரும். இருபுறமிருந்து வருவோரும் ஒரே சொல்லைப் படிக்கும்படி அமைந்த வாசல் அது எனலாம்.

அவ்வாசலுக்கு உரிய புரதமும் இரட்டைப் புரதமே. 881 அமினோ அமிலங்கள் கொண்ட கேல்-4 புரதம் இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஒவ்வோர் உறுப்பும் ஒரு கோடியின் மூன்று எழுத்துகளைப் பற்றிக்கொள்கிறது. பற்றும் முனையில் இரு துத்தநாக அயனிகளை ஆறு சிஸ்டீன் அமினோ அமிலங்கள் இறுகப் பிடித்து ஒரு முடிச்சாக்கியிருக்கின்றன. அம்முடிச்சு இரட்டைச் சுருளின் பெரும்பள்ளத்துக்குள் நுழைந்து, இழைகளைப் பிரிக்காமலேயே, எழுத்துகளின் ஓரங்களைத் தடவிப் படித்துவிடுகிறது. இடையில் உள்ள 11 எழுத்துகள் எவையாயினும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் அவை 11 ஆக இருக்க வேண்டும். ஓரிரு எழுத்து கூடினாலோ குறைந்தாலோ இரு கோடிகளும் சுருளின் வேறு பக்கங்களை நோக்கித் திரும்பிவிடுவதால் புரதத்தின் இரு கைகளும் ஒருங்கே எட்டுவதில்லை. எழுதாமல் விடப்பட்ட இடமும் எழுத்தின் பொருளில் பங்குகொள்கிறது என்பதற்கு இது முதற்சான்று.

இத்தகைய தளங்கள் மரபணுவின் தொடக்கத்துக்கு முன்னே, பெரும்பாலும் சில நூறு எழுத்துகள் தொலைவில் அமைவதால், அப்பகுதிக்கு மேற்புறச் செயலூக்க வரிசை என்று பெயர். அங்கு வந்து அமரும் கேல்-4 போன்றவை படியெடுப்புக் காரணிகள் எனப்படும். ஈஸ்டின் மரபணுத்தொகையில் இத்தகைய காரணிகள் ஏறத்தாழ இருநூறு உண்டு. ஒவ்வொன்றும் தனக்குரிய சில எழுத்துகளைத் தேடுகிறது. அமினோ அமிலப் பற்றாக்குறையின்போது எழும் ஜி.சி.என்-4 என்னும் காரணி டி-ஜி-ஏ-சி-டி-சி-ஏ என்னும் ஏழெழுத்துக் கோவையை நாடுவது மற்றோர் எடுத்துக்காட்டு.

4. மூன்று செய்திகள், ஒரு முடிவு

கேல்-4 தன் தளத்தில் அமர்ந்துவிட்டது என்பதனாலேயே மரபணு படியெடுக்கப்படுவதில்லை. குளுக்கோஸும் கேலக்டோஸும் அல்லாத வேறு உணவில், எடுத்துக்காட்டாகக் கிளிசராலில், வளரும் ஈஸ்டில் கேல்-4 தளத்திலேயே இருக்கிறது. ஆனால் அதன் செயலூக்கும் முனையைக் கேல்-80 என்னும் புரதம் போர்த்தி மூடியிருக்கிறது. கேலக்டோஸ் உயிரணுவுக்குள் நுழைந்ததும் கேல்-3 புரதம் அச்சர்க்கரையையும், உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறாகிய ஏ.டி.பி.-யையும் பற்றிக்கொண்டு வடிவம் மாறி, கேல்-80-ஐத் தன்பால் ஈர்க்கிறது. போர்வை விலகியதும் கேல்-4 செயல்படத் தொடங்குகிறது. மரபணுவுக்கு அருகில் காவலாளி முன்பே வந்து நிற்பதால், சர்க்கரை வந்த சில நிமிடங்களிலேயே படியெடுத்தல் தொடங்கிவிட முடிகிறது.

குளுக்கோஸ் இருக்குமானால் இந்த ஏற்பாடு முழுவதும் பயனற்றுப் போகிறது. மிக்-1 என்னும் ஒடுக்கிப் புரதம், மேற்புறச் செயலூக்க வரிசைக்கும் மரபணுவின் தொடக்கத்துக்கும் இடையிலுள்ள தன் தளங்களில் அமர்ந்து, டப்-1 உள்ளிட்ட துணைப் புரதங்களை வரவழைத்துப் படியெடுத்தலைத் தடுக்கிறது. அதோடு நில்லாமல் கேல்-4 மரபணுவின் சொந்த ஊக்குவிப்பானிலும் அமர்ந்து, கேல்-4 புரதத்தின் அளவையே குறைத்துவிடுகிறது. குளுக்கோஸ் தீர்ந்ததும் எஸ்.என்.எஃப்-1 என்னும் நொதி மிக்-1-ன்மேல் பாஸ்பேட்டை ஏற்ற, மிக்-1 உட்கருவைவிட்டு வெளியேறுகிறது.

இவ்வாறு ஒரு சிறு இடைநிலத்தில் கேலக்டோஸ் உண்டா, குளுக்கோஸ் இல்லையா, இவற்றை அறிவிக்கும் புரதங்கள் எத்தனை உள்ளன என்னும் மூன்று செய்திகளும் ஒருங்கே வந்து சேர்கின்றன. சர்க்கரைகள் இரண்டும் கலந்திருந்தால் மலிவானதை முதலில் தீர்த்துவிட்டுப் பிறகே மற்றதைத் தொடும் சிக்கனம், ஈஸ்டின் அறிவில் இல்லாமல், தளங்கள் அமைந்துள்ள வரிசையிலும் அவற்றில் அமரும் புரதங்களின் உறவிலும் எழுதப்பட்டுள்ளது.

5. பற்றுதலும் ஊக்குதலும்

கேல்-4 எவ்வாறு ஊக்குகிறது என்னும் கேள்விக்கு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரோஜர் பிரென்ட்டும் மார்க் டாஷ்னியும் 1985-ல் வெளியிட்ட ஆய்வு எளிமையும் துணிவும் ஒருங்கே கொண்ட விடையைத் தந்தது. அவர்கள் கேல்-4-ன் பற்றும் முனையை வெட்டி நீக்கிவிட்டு, அவ்விடத்தில் லெக்ஸ்-ஏ என்னும் பாக்டீரியப் புரதத்தின் பற்றும் முனையை ஒட்டினர். மரபணுவுக்கு முன்னாலும் கேல்-4-ன் தளத்துக்குப் பதிலாக லெக்ஸ்-ஏ நாடும் பாக்டீரியத் தளத்தை வைத்தனர். ஈஸ்ட் வாழ்வில் கண்டிராத அந்த எழுத்துகளின்மேல் ஒட்டுப்புரதம் அமர்ந்ததும், கேலக்டோஸ் உள்ள இடத்தில் படியெடுத்தல் நிகழ்ந்தது.

பற்றுவது ஒரு பணி, ஊக்குவது மற்றொரு பணி, இரண்டும் ஒரே புரதத்தில் பிரித்தெடுக்கத்தக்க இரு துண்டுகளாக உள்ளன என்பது அதனால் தெளிவாயிற்று. எழுத்துகளின் வேலை, ஊக்கும் முனையை உரிய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவதோடு முடிகிறது. இந்த அறிவு பிற துறைகளுக்கும் விரைவில் பரவியது. இரு புரதங்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பதை அறிய, ஒன்றைப் பற்றும் முனையோடும் மற்றதை ஊக்கும் முனையோடும் ஒட்டிவைத்து, அவை சேர்ந்தால் மட்டும் மரபணு படியெடுக்கப்படும்படி செய்யும் முறையை ஸ்டான்லி ஃபீல்ட்சும் சாங்கும் 1989-ல் வெளியிட்டனர். கேல்-4-ஐப் பழ ஈயின் உடலில் வேண்டிய திசுவில் மட்டும் ஆக்கி, அதன் தளத்தை முன்னிட்ட எந்த மரபணுவையும் அத்திசுவில் இயக்கும் முறையை ஆண்ட்ரியா பிராண்டும் நார்பர்ட் பெரிமனும் 1993-ல் அளித்தனர். கேலக்டோஸுக்காகத் தோன்றிய ஓர் ஈஸ்ட் புரதம் ஈயிலும் புகையிலைச் செடியிலும் மனித உயிரணுவிலும் வேலை செய்கிறது என்பது, அது பேசும் மொழியை உட்கருவுடைய உயிர்கள் யாவும் பொதுவாகப் புரிந்துகொள்கின்றன என்பதற்குச் சான்றாகும்.

6. தொடங்கும் இடம்

அம்மொழியைக் கேட்பவர் யார் என்பதற்கு, மரபணுவின் தொடக்கத்துக்கு அருகிலுள்ள பகுதியைப் பார்க்க வேண்டும். மைய ஊக்குவிப்பான் எனப்படும் அப்பகுதியில் சில மரபணுக்களில் டி-ஏ-டி-ஏ என்று தொடங்கும் எட்டெழுத்துக் கோவை ஒன்று உள்ளது; டாட்டா பெட்டி என்று அது வழங்கப்படுகிறது. டாட்டா பற்றும் புரதம் சேணம்போல அதன்மேல் அமர்ந்து, சிறுபள்ளத்தை விரித்து, டி.என்.ஏ.-வை ஏறத்தாழ 80 பாகை வளைக்கிறது. வளைந்த அந்த இடத்தைச் சுற்றிப் பொதுக் காரணிகள் எனப்படும் பல புரதங்களும், அவற்றோடு ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2-ம் ஒன்றுகூடுகின்றன. அவற்றுள் ஒன்று ஏ.டி.பி.-யின் ஆற்றலைச் செலவிட்டு இரட்டை இழைகளைப் பிரிக்க, பாலிமரேஸ் எழுதத் தொடங்குகிறது.

தொலைவில் அமர்ந்த கேல்-4-க்கும் இங்குக் கூடிய பொறிக்கும் இடையே மீடியேட்டர் என்னும் பெரிய புரதக்கூட்டம் தூது செல்கிறது. ஏறத்தாழ 25 புரதங்கள் கொண்ட இக்கூட்டம் ஒருபுறம் செயலூக்கும் முனையையும் மறுபுறம் பாலிமரேஸையும் தொடுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரோஜர் கார்ன்பெர்க்கின் ஆய்வுக்குழு ஈஸ்டிலிருந்தே இதனைப் பிரித்தெடுத்தது. அதே குழு 2001-ல் ஈஸ்டின் பாலிமரேஸ் 2-ன் அணு அளவிலான வடிவத்தையும், ஆர்.என்.ஏ.-வை எழுதிக்கொண்டிருக்கும் நிலையிலேயே அந்நொதி தோற்றமளிக்கும் வடிவத்தையும் வெளியிட்டது. படியெடுத்தலின் மூலக்கூற்று அடிப்படைக்காக 2006-ன் வேதியியல் நோபல் பரிசு கார்ன்பெர்க்குக்கு வழங்கப்பட்டது.

ஈஸ்டுக்கே உரிய ஒரு வழக்கம் இங்குக் குறிப்பிடத்தக்கது. மனித உயிரணுவில் டாட்டா பெட்டிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள் தள்ளியே படியெடுத்தல் தொடங்குகிறது. ஈஸ்டிலோ அத்தொலைவு 40 முதல் 120 எழுத்துகள் வரை வேறுபடுகிறது. பொறி கூடிய இடத்திலேயே எழுத்து தொடங்காமல், பாலிமரேஸ் முன்னோக்கித் துழாவிச் சென்று தகுந்த தொடக்க எழுத்தைத் தேடிக்கொள்வதே இதற்குக் காரணம்.

டாட்டா பெட்டி எல்லா மரபணுக்களிலும் உள்ளதும் அன்று. ஃபிராங்க் பியூவின் குழு 2004-ல் ஈஸ்டின் மரபணுக்கள் முழுவதையும் அலசியபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் மட்டுமே உண்மையான டாட்டா பெட்டி இருந்தது. அவை பெரும்பாலும் வெப்பம், பட்டினி, உணவு மாற்றம் போன்ற நெருக்கடிகளுக்கு ஏற்பப் பெரிதும் கூடிக் குறைபவை. உயிரணுவின் அன்றாட வேலைகளைச் செய்யும் மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. இருந்தும் அங்கும் டாட்டா பற்றும் புரதம் வருகிறது. எழுத்தின் அழைப்பின்றி, பிற புரதங்களின் துணையால் அங்கே நிறுத்தப்படுகிறது. டாட்டா பெட்டி உள்ள மரபணுக்கள் ஒரே வகை உயிரணுக்களுக்குள்ளும் ஒன்றில் அதிகமாகவும் மற்றொன்றில் குறைவாகவும் வெளிப்படும் இயல்புடையவை. படியெடுத்தல் அவற்றில் சீராக நடவாமல் விட்டுவிட்டுப் பெருமழைபோல் நிகழ்வதே அதற்குக் காரணம்.

7. மூடிய ஏடு

இதுவரை கூறியவை யாவும் டி.என்.ஏ. திறந்து கிடக்கிறது என்னும் எண்ணத்தின்மேல் நின்றவை. உயிரணுவில் அது அவ்வாறு கிடப்பதில்லை. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளையின்மேல் 147 கார இணைகள் ஏறத்தாழ 1.7 சுற்றுச் சுற்றியிருக்கின்றன; நியூக்ளியோசோம் எனப்படும் இவ்வமைப்பின் அடிப்படையை 1974-ல் முன்மொழிந்தவரும் கார்ன்பெர்க்கே. நியூக்ளியோசோமுக்குள் அகப்பட்ட எழுத்தைப் பெரும்பாலான காரணிகளால் படிக்க இயலாது. ஆகவே ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்னர், ஏடு விரிந்திருக்கிறதா என்பதே முதற்கேள்வியாகிறது.

ஈஸ்டின் மரபணுக்களில் பெரும்பாலானவற்றின் தொடக்கத்துக்குச் சற்று முன்னே, ஏறத்தாழ ஒரு நியூக்ளியோசோம் அளவுக்கு வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது. அவ்வெற்றிடத்தை ஆக்குவதில் எழுத்துகளுக்கே ஒரு பங்கு உண்டு. ஓர் இழையில் ஏ என்னும் எழுத்து மட்டுமே தொடர்ந்து வரும் நீண்ட வரிசைகள் விறைப்பானவை. உருளையைச் சுற்றி வளைய மறுப்பவை. இவ்வரிசைகள் எந்தக் காரணிக்கும் தளமாகாமலேயே ஊக்குவிப்பானின் உறுப்பாகச் செயல்படுகின்றன என்பதைக் கெவின் ஸ்ட்ரூல் 1985-ல் எடுத்துக்காட்டினார். இவற்றோடு, நியூக்ளியோசோம்களை நகர்த்தவும் அகற்றவும் வல்ல ஆர்.எஸ்.சி. போன்ற புரதப்பொறிகளும் துணைநிற்கின்றன.

நியூக்ளியோசோமின் தடையை மிகத் தெளிவாகக் காட்டியது, பாஸ்பேட் பற்றாக்குறையில் எழும் பி.எச்.ஓ-5 என்னும் மரபணுவாகும். பாஸ்பேட் நிறைந்திருக்கும்போது அதன் ஊக்குவிப்பானில் நான்கு நியூக்ளியோசோம்கள் இடம் மாறாமல் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன, பி.எச்.ஓ-4 என்னும் காரணிக்கு உரிய இரு தளங்களுள் ஒன்று அவற்றின் இடைவெளியில் திறந்தும், மற்றொன்று நியூக்ளியோசோமுக்குள் மறைந்தும் உள்ளன. பாஸ்பேட் குறைந்ததும் பி.எச்.ஓ-4 முதலில் திறந்த தளத்தைப் பற்றுகிறது. அதன்பின் நான்கு நியூக்ளியோசோம்களும் குலைய, மறைந்திருந்த தளமும் வெளிப்படுகிறது.

தடையாக இருப்பது நியூக்ளியோசோமேயா என்பதைச் சோதிக்க, மைக்கேல் கிரன்ஸ்டைனும் ஹானும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு நியூக்ளியோசோமையே குறைத்துப் பார்த்தது. ஹிஸ்டோன் எச்-4 புரதத்தின் மரபணுவை அவர்கள் கேல்-1-ன் ஊக்குவிப்பானுக்குக் கீழே வைத்தனர். கேலக்டோஸில் அந்த ஈஸ்ட் வழக்கம்போல் ஹிஸ்டோனை ஆக்கி வளர்ந்தது. குளுக்கோஸுக்கு மாற்றியதும் ஹிஸ்டோன் வரத்து நின்று, நியூக்ளியோசோம்கள் குறைந்தன. அப்போது பாஸ்பேட் போதிய அளவு இருந்தும், அழைப்பு ஏதுமின்றி, பி.எச்.ஓ-5 படியெடுக்கப்பட்டது. ஒரு சர்க்கரையின் ஊக்குவிப்பான், மற்றோர் ஊக்குவிப்பானின் இரகசியத்தைத் திறக்கும் சாவியாகப் பயன்பட்ட அழகு இவ்வாய்வில் உள்ளது.

8. தொலைவின் எல்லை

விலங்குகளில் ஒரு மரபணுவை ஊக்கும் வரிசை பல்லாயிரம் எழுத்துகளுக்கு அப்பாலும், மரபணுவுக்குப் பின்னாலும் கூட இருந்துகொண்டு வேலை செய்யும். ஈஸ்டின் செயலூக்க வரிசையை மரபணுவுக்குப் பின்னால் வைத்தால் அது பொதுவாகப் பயனற்றுப் போகிறது. முன்னால் வைத்தாலும் தொலைவு கூடக்கூட வலுவிழக்கிறது. 1 கோடியே 20 லட்சம் எழுத்துகளில் 6000 மரபணுக்களை நெருக்கி அடுக்கியுள்ள உயிருக்கு இக்கட்டுப்பாடு இன்றியமையாதது. நீண்ட தொலைவுக்குக் கேட்கும்படி ஒவ்வொரு வரிசையும் குரல் கொடுத்தால், சில நூறு எழுத்துகளுக்கு அப்பால் உள்ள அண்டை மரபணுவும் விழித்துக்கொள்ளும்.

இந்தச் சுருக்கமே ஈஸ்டை ஆய்வாளருக்கு வாய்ப்பான உயிராக்கியது. ஊக்குவிப்பான் முழுவதையும் ஆய்வுக்கூடத்தில் புதிதாக எழுதி, ஒளிரும் புரதம் ஒன்றின் மரபணுவுக்கு முன்னே வைத்து, ஒளியின் அளவைக் கொண்டு எழுத்துகளின் மதிப்பை அளக்க முடிகிறது. கார்ல் டி போயர், அவிவ் ரெகெவ் ஆகியோரின் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வு இவ்வழியில் மிக நெடிய தூரம் சென்றது. பகடை உருட்டியதுபோல் எழுத்துகளைக் குருட்டாம்போக்கில் கோத்த 80 எழுத்து நீளமுள்ள வரிசைகள் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவற்றை ஈஸ்டுக்குள் செலுத்தி அளந்தது. எவரும் திட்டமிட்டு எழுதாத அவ்வரிசைகளும் வெவ்வேறு அளவில் படியெடுத்தலை நிகழ்த்தின. குறுகிய தளங்களை நாடும் இருநூறு காரணிகளுக்கு, எந்த எண்பது எழுத்திலும் ஓரளவேனும் ஒத்துப்போகும் இடங்கள் பல அகப்பட்டுவிடுகின்றன. தனித்தனியே வலுவற்ற அப்பிடிப்புகள் ஒன்றுசேர்ந்து ஓர் அளவைத் தீர்மானிக்கின்றன. ஊக்குவிப்பான் ஆவது அரிய செயலன்று, வேண்டிய நேரத்தில் மட்டும் ஊக்குவிப்பான் ஆவதே அரிது என்பது இதனால் விளங்கும்.

9. பயன்

வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு என்னும் இப்பண்பையே தொழில்துறையும் விலைகொடுத்து நாடுகிறது. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரசின் மேற்பரப்புப் புரதத்தை, ஈஸ்டின் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் மரபணுவின் ஊக்குவிப்பானுக்குக் கீழே வைத்து, ஈஸ்டிலேயே ஆக்கிய ஆய்வு 1982-ல் வெளியாயிற்று. ஈஸ்டில் ஆக்கிய ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிக்கு 1986-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மரபணு மாற்ற நுட்பத்தால் மனிதருக்கென ஆக்கப்பட்ட முதல் தடுப்பூசி அதுவே. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997-ல் இந்தியாவில் வெளியிட்ட ஷான்வாக்-பி தடுப்பூசிக்குப் பிக்கியா பாஸ்டோரிஸ் என்னும் வேறோர் ஈஸ்ட் பயன்பட்டது. மெத்தனாலை ஊற்றினால் மட்டும் விழித்தெழும் ஊக்குவிப்பான் ஒன்றுக்காகவே அந்த ஈஸ்ட் தொழில்துறையில் பெயர்பெற்றது.

மலேரியா மருந்தாகிய ஆர்ட்டிமிசினினின் முன்பொருளை ஈஸ்டில் ஆக்கிய கலிபோர்னியாவின் ஜே கீஸ்லிங் குழுவின் 2006-ஆம் ஆண்டுப் பணி, ஊக்குவிப்பான்களைக் கையாளும் கலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. செடியிலிருந்து கொணர்ந்த மரபணுக்களைக் கேலக்டோஸ் ஊக்குவிப்பான்கள் உயர்த்தின. அதே மூலப்பொருளைத் தனக்காக இழுத்துக்கொள்ளும் ஈஸ்டின் சொந்த மரபணு ஒன்றின் முன்னால், மெத்தியோனின் சேர்த்தால் அடங்கும் ஊக்குவிப்பான் வைக்கப்பட்டது. அம்மரபணு ஈஸ்டின் உயிர்வாழ்வுக்குத் தேவையானது. ஆதலால் அதை அழிக்க இயலாது, குறைக்கத்தான் இயலும். புரதத்தின் ஓரெழுத்தையும் மாற்றாமல் அதன் அளவை மட்டும் மாற்றும் வசதி ஊக்குவிப்பானில்தான் உண்டு.

10. பிரிந்த உடன்பிறப்புகள்

அவ்வசதியை மனிதர் கண்டுபிடிப்பதற்கு நெடுங்காலம் முன்பே பரிணாமம் பயன்படுத்தியிருக்கிறது. ஈஸ்டின் உறவான குளுவெரோமைசிஸ் லாக்டிஸ் என்னும் பூஞ்சையில் ஒரே மரபணு இரு வேலைகளைச் செய்கிறது. அதன் புரதம் கேலக்டோஸைச் சிதைக்கும் நொதியாகவும், கேலக்டோஸ் வந்ததை அறிவிக்கும் உணர்வியாகவும் உள்ளது. நொதிக்கு, வேண்டாதபோது முற்றும் அடங்கி வேண்டும்போது பெருமளவில் எழுவது நல்லது. உணர்விக்கோ, சர்க்கரை வரும் முன்னரே சிறிதளவேனும் காத்திருப்பது நல்லது. இரண்டையும் ஒரே ஊக்குவிப்பான் நிறைவுசெய்ய இயலாததால், அது இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்துகொள்கிறது.

இதே சமரசத்தில் இருந்த ரொட்டி ஈஸ்டின் மூதாதையரில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், மரபணுத்தொகை முழுவதும் இரட்டிப்பாயிற்று. ஒரு மரபணு இரண்டானதும் சமரசத்துக்குத் தேவை இல்லாமற்போயிற்று. ஒரு படி கேல்-1 ஆகி நொதியின் பணியை ஏற்றது; மற்றது கேல்-3 ஆகி உணர்வியின் பணியை ஏற்றது. கிறிஸ் ஹிட்டிங்கரும் ஷான் கேரலும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், இரு பணிகளுக்கும் இடையே இருந்த முரண் புரதத்தில் அவ்வளவாக இல்லை என்பதும், வெளிப்படும் அளவிலேயே பெரிதும் இருந்தது என்பதும் தெரியவந்தது. கேல்-1-ன் முன்னால் நான்கு தளங்கள் உள்ளன, ஆகவே அது ஆயிரம் மடங்கு எழுகிறது. கேல்-3-ன் முன்னால் ஒரே தளம் உள்ளது, ஆகவே அது எப்போதும் சிறிதளவு விழித்திருந்து, சர்க்கரை வந்தால் சில மடங்கு மட்டும் உயர்கிறது.

இரண்டிலும் வந்து அமர்வது அதே கேல்-4 புரதந்தான். அது தேடுவது அதே 17 எழுத்துகளைத்தான். ஒன்று வாசலில் காத்திருக்கும் காவலாளியாகவும், மற்றொன்று அழைத்தால் மட்டும் வரும் வேலைப்படையாகவும் பிரிந்ததற்குரிய காரணம், புரதங்கள் எவற்றையும் சொல்லாத இடைநிலத்தில், தளங்களின் எண்ணிக்கையிலும் அமைப்பிலும் உள்ளது.